பூட்டைக் காணாது திறவுகோல் செய்தவர்

மருதமுனையிலே என் ராத்தாவின் வீட்டு விறாந்தையில் ஒரு கைத்தறி நிற்கின்றது. பல்லாண்டுகளாக அத்தறியின் ஓசையோடுதான் அவ்வீட்டிற் பொழுது புலர்ந்தது. நான் பண்டித வகுப்பிற் பயின்ற காலத்தில் என் புத்தகங்களுக்கும் உணவுக்கும் ஆன செலவு அந்தத் தறியிலிருந்தே வந்தது. இன்று கீழைத்தேயக் கல்லூரியொன்றிலே தமிழ் கற்பிக்கின்றேன் எனில், அது ராத்தா நெய்த சாரங்களின் பயனேயாகும். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய விரல்மூட்டுகள் வீங்கத் தொடங்கின. காலையில் எழுந்தால் கை மடங்காது. நாடாவைப் பிடிக்க இயலாது. மூட்டுவாதத்தில் ஒரு வகை என்றனர் மருத்துவர். தறி ஓய்ந்தது.

வைத்தியசாலையில் இரண்டு வகைக் குளிசைகள் கொடுத்தனர். இரண்டும் உருவிற் சிறியவை, நிறத்தில் மஞ்சள். ஒன்று கிழமைக்கு ஒரு நாள் மட்டும் உண்ணத் தக்கது. மற்றையது ஏனைய நாள்களுக்குரியது. துண்டு ஆங்கிலத்தில் இருந்தது. குடும்பத்திற் படித்தவன் என்ற பெயர் எனக்கு இருந்தமையால் அதனைப் படித்துச் சொல்லும் பணி என்னிடம் வந்தது. ஏட்டுச்சுவடிகளில் ஒற்றுப் புள்ளியின்றி எழுதிய சொற்களையும் பிரித்துப் படிக்கும் என் கண்கள், அந்தத் துண்டில் உள்ள இரண்டு பெயர்களை இடம் மாற்றிப் படித்துவிட்டன. கிழமைக்கு ஒரு முறை உண்ண வேண்டியதை ராத்தா நாள்தோறும் உண்டார்.

ஐந்தாம் நாள் அவருடைய வாயெல்லாம் புண். கஞ்சி விழுங்கவும் முடியவில்லை, காய்ச்சலும் கண்டது. மீண்டும் வைத்தியசாலைக்கு ஓடினோம். குருதியில் வெண்கலங்கள் குறைந்துவிட்டன என்றனர். ஊசி மருந்து ஏற்றினர். துண்டைப் படித்தவர் யார் என்று இளம் மருத்துவர் வினவியபோது நான் தலைகுனிந்து நின்றேன். சொல்லில் ஓரெழுத்து மாறினும் பொருள் மாறும் என்று முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பிப்பவன் அல்லவா நான்?

ராத்தா தேறினார். தேறியபின் என்மீது சினந்தாரில்லை. ஒன்று மட்டும் கேட்டார். இந்த இரண்டு குளிசைகளுக்கும் இடையில் உள்ள உறவு யாது என்பதே அவர் வினா. விடை எனக்குத் தெரியவில்லை. எம் கல்லூரி விஞ்ஞான ஆசிரியரைக் கேட்டேன். இரண்டும் ஒரே மனிதரின் ஆய்வுகூடத்திற் பிறந்த உடன்பிறப்புகள் என்றும், ஒன்று மற்றையதன் போலி என்றும் அவர் கூறினார். அந்த மனிதரின் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அன்று தொடங்கி அவர் வரலாற்றைத் தேடிக் கற்றேன். கற்றதனை இங்கே தருகின்றேன்.

இளமை

சுப்பாராவ் 1895 ஆம் ஆண்டு சனவரி 12 ஆம் நாள் பீமவரம் என்னும் ஊரிலே தெலுங்குக் குடும்பமொன்றிற் பிறந்தார். கோதாவரி பாயும் அந்நாடு அக்காலத்திற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. வறுமை மிக்க குடும்பம். தந்தை நோயுற்று இளமையிலேயே மறைந்தார். பதின்மூன்று வயதளவிற் பிள்ளை வீட்டை விட்டு ஓட முயன்றான். காசிக்குச் சென்று, அங்கு வரும் யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் சேர்க்கலாம் என்பது அவன் எண்ணம். தாயார் வெங்கம்மா அவனைத் திருப்பி அழைத்துப் பள்ளிக்கு அனுப்பினார். பள்ளியிலும் அவர் சிறந்து விளங்கினார் அல்லர். மெட்ரிக்குலேசன் தேர்விலே இரு முறை தோற்று, மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். தேர்விற் தோற்ற மாணவரைக் கண்டு முகஞ்சுளிக்கும் ஆசிரியர்களாகிய நாம் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று.

பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றபோது இராமகிருஷ்ண இயக்கத்தின் பால் அவர் உள்ளம் சென்றது. துறவு பூண விரும்பினார். தாயார் இசைந்திலர். நோயாளர்க்குத் தொண்டு செய்ய மருத்துவம் கற்கலாமே என்று இயக்கத்தினர் வழிகாட்டினர் என்பர். இவ்விடத்தில் எம் கரையைச் சேர்ந்த பெருமகன் ஒருவர் நினைவுக்கு வருகின்றார். கல்முனைக்குத் தெற்கே சிறிது தொலைவிலுள்ள காரைதீவிலே 1892 இல் தோன்றிய விபுலானந்த அடிகள், விஞ்ஞானப் பட்டதாரியாகிக் கல்லூரி அதிபராய் இருந்து, 1922 இல் அதே சென்னை மாநகரில் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். விஞ்ஞானம் கற்றவர் துறவியானார். துறவியாக விரும்பியவர் விஞ்ஞானியானார். அடிகள் தமிழிற் கலைச்சொல் ஆக்கும் பணியில் முன்னின்றவர். விஞ்ஞானச் செய்தியைத் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் எழுதத் துணிவதற்கு அவர் காட்டிய வழியே எனக்குத் துணை.

சென்னை மருத்துவக் கல்லூரியிற் சுப்பாராவ் பயின்ற காலம் காந்தியடிகளின் குரல் எங்கும் ஒலித்த காலம். அவர் கதராடை அணிந்தார். அறுவைக் கூடத்திலும் கதராலான மேலாடையையே அணிந்தார். ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் இதனை விரும்பவில்லை. எழுத்துத் தேர்வில் நன்கு எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். தகுதியே கிட்டியது. அரசாங்க மருத்துவ சேவையிற் சேர முயன்றதும் பயன்படவில்லை. ஆசண்ட லட்சுமிபதி என்னும் ஆயுர்வேத அறிஞரின் கல்லூரியிலே உடற்கூற்றியல் கற்பிக்கும் பணியை ஏற்றார்.

1919 இற் சேஷகிரி என்னும் பெண்ணை மணந்தார். மாமனார் படிப்புச் செலவுக்கு உதவினார். இக்காலத்தை அடுத்துத்தான் அவர் வாழ்வைத் திசைதிருப்பிய துயரம் நேர்ந்தது. உடன்பிறந்தார் இருவர் அடுத்தடுத்து மாண்டனர். அவர்களைக் கொன்றது 'ஸ்ப்ரூ' என்னும் வெப்பநாட்டு நோய். அந்நோய் கண்டவர்க்குச் சிறுகுடல் உணவின் சத்தை ஏற்காது, வயிற்றோட்டம் நீடிக்கும், குருதி வெளுக்கும், உடல் மெலியும், நாவும் வாயும் புண்ணாகும். வாய்ப்புண்ணைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்தே நோயின் பெயரும் வந்தது. அதன் காரணத்தை அன்று எவரும் அறியார். அன்பர்கள் இந்த வாய்ப்புண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றேன். இக்கட்டுரையின் முடிவில் அது மீண்டும் வரும்.

நீல நிறமும் தசையின் ஆற்றலும்

1920 களின் தொடக்கத்திலே, அறநிலையமொன்றின் உதவியும் மாமனாரின் பொருளும் கொண்டு, சுப்பாராவ் அமெரிக்காவின் பொஸ்டன் நகரை அடைந்தார். கருவுற்றிருந்த மனைவியை ஊரில் விட்டுச் சென்றார். சில ஆண்டுகளில் மீள்வதாக எண்ணம். அவர் மீளவே இல்லை. பிறந்த ஆண்மகன் கைக்குழந்தையாய் இருக்கும்போதே இறந்தான். தந்தை அவன் முகத்தையும் கண்டிலர். அறிவுக்காகச் செலுத்தப்பட்ட விலைகளைக் கணக்கிடுவோர் சேஷகிரி அம்மையாரின் வாழ்வையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

ஹாவாட் பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு மருத்துவம் கற்றார். செலவுக்குப் பொருளில்லை. ஆதலால் வைத்தியசாலையொன்றில் இரவு நேர ஊழியராக நோயாளர் படுக்கையருகே இழிந்த பணிகளெனக் கருதப்படுவனவற்றையும் செய்தார். பகலில் உயிர் இரசாயனப் பகுதியிலே சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் ஆய்வு செய்தார்.

முதற்பயன் 1925 இல் வெளிவந்தது. குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசை அளக்க இருவரும் ஒரு முறை கண்டனர். பொசுபரசு உள்ள கரைசலில் உரிய பொருள்களைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். நிறத்தின் ஆழத்தைக் கொண்டு பொசுபரசின் அளவைக் கணிக்கலாம். எளிய முறைதான், ஆயினும் உலகின் உயிர் இரசாயன ஆய்வுகூடங்கள் பல அதனைக் கைக்கொண்டன. இருவர் பெயராலும் அது இன்றும் வழங்குகின்றது.

அந்த நீல நிறத்தைப் பின்தொடர்ந்தே அடுத்த செல்வங்களைக் கண்டனர். 1927 இல், தசையிலே பொசுபோகிரியேற்றின் என்னும் பொருள் இருப்பதனை வெளியிட்டனர். தசை இயங்கும்போது அது குறையும். ஓய்வில் மீண்டும் பெருகும். 1929 இல் அடினோசின் முப்பொசுபேற்று என்னும் பொருளைத் தசையிலிருந்து பிரித்துக் காட்டினர். அதே ஆண்டில் யேர்மனியிற் கார்ல் லோமான் என்பவரும் தனியே அதனைக் கண்டார். ஏ.ரி.பி. என்று மாணவர் குறுக்கி வழங்கும் இப்பொருளே உயிருள்ள கலங்களிற் செலவாகும் ஆற்றல் நாணயம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ராத்தாவின் கை நாடாவை ஒரு முறை எறிவதற்கும் இந்நாணயமே செலவாகின்றது.

1930 இற் சுப்பாராவ் கலாநிதிப் பட்டம் பெற்றார். எனினும் ஹாவாடில் நிலையான பதவி அவருக்குக் கிட்டவில்லை. பத்தாண்டுகள் அங்கேயே கீழ்நிலைப் பதவியிலிருந்து உழைத்தார். ஈரற்சாற்றினாற் கொடிய குருதிச்சோகை ஒன்று தணியும் என்பது 1926 இற் பொஸ்டனில் வெளியாகியிருந்தது. அச்சாற்றில் உள்ள மருந்துப் பொருள் யாது என்னும் தேடலிற் சுப்பாராவும் இறங்கினார். குருதி வெளுத்து மாண்ட உடன்பிறந்தாரின் நினைவு அத்தேடலுக்குப் பின் நின்றது என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

ஈரலிலும் கீரையிலும் இருந்த பொருள்

இதே காலத்தில் வேறொரு முனையிலிருந்து ஒரு பெண்மணி இத்தேடலிற் சேர்ந்திருந்தார். ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ் 1928 இற் பம்பாய்க்கு வந்து, துணியாலைகளில் உழைத்த ஏழைப் பெண்களுக்குக் கருவுற்ற காலத்தில் வரும் குருதிச்சோகையை ஆராய்ந்தார். நொதியின் சாற்றிலிருந்து செய்யும் மார்மைற் அந்நோயைத் தணித்தது என்று 1931 இல் எழுதினார். பாணிற் பூசி உண்ணும் அந்தக் கரிய கூழை இலங்கையில் அறியாதார் யார்? 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையை மலேரியாக் கொள்ளைநோய் வாட்டியபோது, சூரியமல் இயக்கத்தினர் மெலிந்த மக்களுக்கு மார்மைற் வழங்கினர். அதனுள் இருந்த பொருளின் பெயரை அன்று கொடுத்தவரும் அறியார், உண்டவரும் அறியார்.

1940 இற் சுப்பாராவ் நியூயோர்க் மாநிலத்தின் பேர்ள் றிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் அதன் ஆய்வுப் பணிப்பாளரானார். பல்கலைக்கழகம் கொடாத ஆள்வலுவும் பொருள்வலுவும் அங்கே கிடைத்தன. பசளிக்கீரை போன்ற இலைகளில் உள்ளதாகையால் இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு போலிக்கமிலம் என்று 1941 இற் பிறர் பெயரிட்ட பொருளை, அவருடைய குழுவைச் சேர்ந்த இசுற்றோக்ஸ்ராட் 1943 இல் ஈரலிலிருந்து தூய நிலையிற் பிரித்தார். 1945 இற் குழுவினர் அதனைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். ஈரற்சாற்றில் முதலில் தேடிய மருந்து இதுவன்று; அது பி12 விற்றமின் என்று 1948 இற் பிறர் கண்டனர். தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. ஆனாற் கிடைத்ததே அவர் உடன்பிறந்தாரைக் காத்திருக்கக்கூடிய பொருள். ஸ்ப்ரூ நோயாளர்க்குப் போலிக்கமிலம் கொடுத்தபோது அவர்கள் நலம் பெற்றனர். லூசி வில்ஸ் பம்பாயிற் கண்டதும் இதுவே. சாதலும் மருந்தும் ஒரே தலைமுறைக்குள் சந்திக்கத் தவறிய துயரத்தை என்னென்பது!

நொதியம் என்னும் வாசகர்

இனிப் போலிக்கமிலம் உடலில் என்ன செய்கின்றது என்பதைக் காண்போம். இங்குதான் ராத்தாவின் வினாவுக்கு விடை உண்டு.

எம் உடலின் ஒவ்வொரு கலத்திலும் கணந்தோறும் எண்ணிறந்த இரசாயனத் தாக்கங்கள் நிகழ்கின்றன. இவற்றின் தொகுதியே அனுசேபம். தாமாக நிகழ விட்டால் மிக நெடுங்காலம் செல்லும் தாக்கங்களை உடலின் வெப்பநிலையிலேயே விரைந்து நிகழச் செய்பவை நொதியங்கள். நொதித்தல் என்னும் சொல்லிலிருந்து நாம் நொதியம் என்றோம். மேனாட்டார் வழங்கும் பெயரும் நொதிக்குள் இருப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே. இரண்டு மொழிகளும் ஒரே மாவின் புளிப்பிலிருந்து பெயர் எடுத்தமை இன்பம் தருகின்றது.

நொதியங்களிற் பெரும்பாலானவை புரதங்கள். நீண்ட சங்கிலியாகிய புரதம் மடிந்து உருண்டு ஒரு வடிவம் பெறும். அவ்வடிவத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அதுவே உயிர்ப்பு மையம். தாக்கத்துக்கு உள்ளாகும் பொருளைக் கீழ்ப்படை என்பர். கீழ்ப்படை அப்பள்ளத்திற் பொருந்தி அமரும். பூட்டிற் பொருந்தும் திறவுகோல் போல என்று யேர்மானிய இரசாயனர் எமில் ஃபிஷர் 1894 இலேயே உவமை கூறினார். உவமை நன்று, ஆயினும் பூட்டு அசையாதது. கீழ்ப்படை வந்ததும் நொதியமும் சற்று வளைந்து அதனைத் தழுவிக்கொள்ளும் என்று 1958 இற் கோஷ்லண்ட் என்னும் அமெரிக்கர் திருத்தம் கூறினார்.

தறியை அறிந்தோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். நூற்குவியலை முற்றத்திற் கொட்டி வைத்தால் ஆண்டுகள் சென்றாலும் அது துணியாகாது. தறியோ பாவை இழுத்துப் பிடித்து, ஊடை நூல் செல்ல வேண்டிய வழியைத் திறந்து, இரண்டையும் உரிய கோணத்திற் சந்திக்க வைக்கின்றது. துணி ஆனபின் தறி தேய்ந்து துணியோடு போவதில்லை. அடுத்த துணிக்குக் காத்து நிற்கின்றது. நொதியத்தின் செயலும் இத்தகையது. கீழ்ப்படைகளை அருகருகே உரிய நிலையில் நிறுத்துகின்றது. தாக்கம் கடக்க வேண்டிய ஏவற்சக்தி என்னும் தடையைத் தாழ்த்துகின்றது. விளைவை விடுவித்துத் தான் முன்போல் நிற்கின்றது.

போலிக்கமிலத்துக்கென ஒரு நொதியம் உண்டு. இருஐதரோபோலேற்று ரிடக்டேசு என்பது அதன் நீண்ட பெயர். மனித உடலில் உள்ளது 180 இற்குச் சற்று மேற்பட்ட அமினோ அமிலங்களாலான சிறிய புரதம். அதன் பிளவிலே இரண்டு பொருள்கள் வந்து அமர்கின்றன. ஒன்று இருஐதரோபோலேற்று, போலிக்கமிலம் உடலில் அடையும் வடிவங்களுள் ஒன்று அது. மற்றையது ஐதரசனைச் சுமந்து வரும் என்.ஏ.டி.பி.எச். என்னும் துணைப்பொருள். இரண்டின் வளையங்களும் பிளவினுள் ஒன்றையொன்று நெருங்கி நிற்க, துணைப்பொருளிலிருந்து ஓர் ஐதரசன் இரண்டு இலத்திரன்களுடன் போலேற்றின் காபன் அணுவொன்றுக்குத் தாவுகின்றது. அயலிலுள்ள நைதரசனுக்குப் புரோத்தன் ஒன்று வந்து சேர்கின்றது. விளைவது நால்ஐதரோபோலேற்று. இதுவே பயன்படு வடிவம்.

இந்தப் பயன்படு வடிவம் ஒற்றைக் காபன் அணுவைச் சுமந்து சென்று தேவையான இடத்திற் கொடுக்கும் கூலியாள். மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழையின் எழுத்துகளுள் ஒன்று தைமின். அதனை ஆக்க இக்கூலியாளின் உதவி இன்றியமையாதது. ஆனால் அவ்வுதவியைச் செய்து முடித்ததும் அது பழைய இருஐதரோ வடிவத்துக்கு மீண்டுவிடும். நொதியம் அதனை மறுபடியும் புதுப்பித்தல் வேண்டும். புதுப்பிக்கும் பணி நின்றால் எழுத்து உண்டாகாது. எழுத்தின்றேல் ஏட்டைப் படியெடுக்க இயலாது. படியெடுக்க இயலாத கலம் இரண்டாகப் பிரியாது. விரைவிற் பிரியும் கலங்களே முதலில் இடர்ப்படும். குருதியைப் பிறப்பிக்கும் என்பு மச்சை, வாயின் உட்தோல், குடலின் உட்தோல் ஆகியவை அத்தகையன. கட்டுக்கடங்காது பெருகும் புற்றுநோய்க் கலங்களும் அத்தகையனவே.

பொய்த்திறவுகோல்

பாபர் என்று தமிழில் எழுதினால் மொகலாய மன்னர் நினைவுக்கு வருவார். ஆதலாற் சிட்னி ஃபார்பர் என்றே எழுதுகின்றேன். இவர் பொஸ்டன் குழந்தைகள் வைத்தியசாலையின் மருத்துவர். குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு அக்காலத்தில் மருந்தில்லை. சில கிழமைகளிலோ மாதங்களிலோ குழந்தை இறக்கும், பெற்றோர் பார்த்திருப்பர். போலேற்று வகைப் பொருள் கொடுத்த குழந்தைகள் சிலரில் நோய் விரைந்தமை கண்ட ஃபார்பர், அதற்கு எதிரான பொருள் நோயைத் தடுக்கலாம் எனக் கருதினார். அத்தகைய பொருளைச் சுப்பாராவின் குழுவினர் ஆக்கிக் கொடுத்தனர்.

அவர்கள் செய்தது யாது? போலிக்கமிலத்தின் வளையத்தில் ஒட்சிசன் இருந்த ஓரிடத்திலே அமினோக் கூட்டத்தை வைத்தனர். அதுவே அமினோப்தெரின். அதனுடன் மற்றோரிடத்தில் மெதைல் கூட்டமொன்றையும் சேர்த்தனர். அதுவே பின்னர் மெதோட்றெக்சேற் எனப்பட்டது. மூலச்சொல்லில் ஓரெழுத்தை மாற்றி எழுதியது போன்ற திருத்தம் இது. கலை என்பதும் களை என்பதும் விரைந்து படிப்போர் கண்ணுக்கு ஒன்றாகலாம், பொருளோ வேறு. நொதியமும் அவ்வாறே ஏமாறிற்று. பொய்த்திறவுகோலை மெய்யென்று ஏற்றது. ஏற்றதோடு நில்லாது, மெய்யானதைக் காட்டிலும் ஆயிரம் மடங்குக்கு மேலாக அதனை இறுகப் பற்றிக்கொண்டது. உள்ளே நுழைந்த திறவுகோல் திரும்பவுமில்லை, வெளியேறவுமில்லை. பூட்டு அடைபட்டது.

1948 சூன் மாதத்தில் ஃபார்பர் தம் முடிவுகளை வெளியிட்டார். நோய் முற்றிய 16 குழந்தைகளுக்கு அமினோப்தெரின் கொடுக்கப்பட்டது. அவர்களுள் 10 பேர் தேறினர். அத்தேற்றம் நிலைக்கவில்லை, நோய் திரும்பியது. ஆயினும் படுக்கையிற் கிடந்த குழந்தைகள் சில மாதங்கள் எழுந்து விளையாடினர். மருந்தால் இந்நோய் பின்வாங்கும் என்பது முதன்முறையாகக் காட்டப்பட்டது. அன்று திறந்த வழியில் நடந்தே, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வளர்ந்தது. இன்று வளமிக்க நாடுகளிற் குழந்தைகட்கு வரும் நிணநீர்வகைக் குருதிப் புற்றுநோயில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர்.

அவர் ஆய்வுகூடத்திலிருந்து வேறு மருந்துகளும் வந்தன. மண்ணிலுள்ள நுண்ணுயிரிலிருந்து பெஞ்சமின் டகர் கண்ட ஓரியோமைசின், பல தொற்றுநோய்களுக்கு மருந்தாயிற்று. 1947 இல் வெளியான டயெதில்காபமசின் யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களை அழிப்பது. தென்மேற்குக் கரையோர மக்களை நெடுங்காலம் வருத்திய அந்நோய் பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லாதொழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் இலங்கைக்குச் சான்றளித்தது. அவ்வெற்றியில் இம்மருந்துக்கும் பங்குண்டு. ஈழத்தைக் காணாத ஒருவர் ஈழத்தவர் கால்களை வீங்காமற் காத்தார்.

மறைவும் மறதியும்

ஃபார்பரின் கட்டுரை வெளிவந்த இரண்டு மாதங்களில், 1948 ஆகஸ்ட் மாதத்தில், சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் மறைந்தார். வயது 53. தாம் ஆக்கிய பொருள் கலத்தினுள் எதனைத் தடுக்கின்றது என்பதை அவர் அறிந்தாரல்லர். அந்நொதியம் அப்போது பிரித்தறியப்படவில்லை. மெதோட்றெக்சேற் இருஐதரோபோலேற்று ரிடக்டேசை இறுகப் பற்றுவதை 1958 அளவில் ஆய்வாளர் காட்டினர். எக்ஸ் கதிர் கொண்டு அவ்விரண்டும் பொருந்தியிருக்கும் தோற்றத்தை 1977 இற் கண்டனர். பின்னாய்வுகள் மற்றொரு வியப்பையும் வெளியிட்டன. பொய்த்திறவுகோலின் வளையம், மெய்யான கீழ்ப்படை அமரும் நிலைக்குத் தலைகீழாய்ப் புரண்டு அமர்ந்திருந்தது! பூட்டைக் காணாமலே திறவுகோல் செய்தவர் சுப்பாராவ். அது எவ்வாறு பூட்டிற் புகுந்தது என்பதைக் காண அவர் இல்லை.

அவர் புகழை நாடினார் அல்லர். ஆய்வுகூடக் கட்டுரைகள் பலவற்றில் உடனுழைத்தோர் பெயரே முன்நிற்கும். நோபல் பரிசு அவரை அடையவில்லை. அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1995 இல் இந்திய அரசு முத்திரை வெளியிட்டது. பூஞ்சணமொன்றின் இனத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. இவை தவிர, அவருடைய மருந்துகளை நாள்தோறும் உண்ணும் இலட்சக்கணக்கானோருள் அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. தாக்கத்தை நிகழ்த்திவிட்டு விளைவிற் கலவாது ஒதுங்கி நிற்பது நொதியத்தின் இயல்பு என்றேன். சுப்பாராவின் வாழ்வுக்கும் அதுவே பொருந்தும். ஒரு வேறுபாடு உண்டு. நொதியம் செலவழியாது, மனிதர் செலவழிந்துபோனார். அவர் மனைவியின் காத்திருப்பும் அவ்வாறே செலவழிந்தது.

இனி ராத்தாவின் வினா. கிழமைக்கு ஒரு முறை உண்ணும் குளிசை மெதோட்றெக்சேற். புற்றுநோய்க்குக் கொடுப்பதைவிட மிகச் சிறிய அளவில் அது மூட்டின் அழற்சியைத் தணிக்கின்றது; அங்கே அது வேறு வழிகளிலும் செயற்படுகின்றது என்பர். ஏனைய நாள்களில் உண்ணும் குளிசை போலிக்கமிலம். பொய்த்திறவுகோலால் நல்ல கலங்களுக்கு நேரும் இடரை மெய்த்திறவுகோல் குறைக்கின்றது. நான் துண்டைப் பிழையாகப் படித்தமையாற் பொய்த்திறவுகோல் நாள்தோறும் உட்சென்று நொதியத்தை அடைத்துவிட்டது. போலேற்று இருந்தும் பயனற்றதாயிற்று. என்பு மச்சையில் வெண்கலம் பிறக்கவில்லை, வாய் புண்ணாயிற்று. சுப்பாராவின் உடன்பிறந்தாரை வருத்திய அதே வாய்ப்புண்! குடல் ஏற்காமையால் அவர்களுக்கு வந்த பஞ்சம், என் கண் ஏமாந்தமையால் என் உடன்பிறந்தாளுக்கு வந்தது. அப்போது போலிக்கமிலக் குளிசை போதாது. அடைபட்ட அதே நொதியத்தின் வழியாகத்தான் அது செல்ல வேண்டும். ஆகவேதான் முன்னரே புதுப்பிக்கப்பட்ட வடிவத்தை, போலினிக்கமிலத்தை, ஊசியால் ஏற்றினர். அது பூட்டைச் சுற்றி வேறு வாயிலாற் புகுந்து ராத்தாவைக் காத்தது.

இப்போது குளிசைப் பெட்டிகள் இரண்டிலும் பெரிய தமிழ் எழுத்துகளில் எழுதி ஒட்டியிருக்கின்றேன். ஒன்றில் வெள்ளிக்கிழமை மட்டும் என்றும், மற்றையதில் வெள்ளி தவிர என்றும் எழுதியுள்ளேன். மருந்துத் துண்டு பெறும் அன்பர்கள் தமக்கு விளங்கும் மொழியில் அதனை எழுதித் தருமாறு கேட்கக் கூச வேண்டா. படித்தவன் என்று ஒருவனை நம்பி விடவும் வேண்டா. மருந்தாளரிடம் இரண்டாம் முறை கேட்பது இழுக்கன்று.

வீக்கம் வற்றிய பின் ராத்தா காலையில் ஒரு மணி நேரம் தறியில் அமர்கின்றார். முழுச் சாரம் நெய்ய இன்னும் இயலவில்லை. கைலேஞ்சிக்கு ஆகும் அளவு நெய்கின்றார். சுப்பாராவின் கதையை நான் சொன்னபோது நாடாவை நிறுத்திக் கேட்டார். கேட்டு முடித்து, காத்திருந்த அந்தப் பெண்ணுக்காக முதலில் இரங்கினார். பிறகு மீண்டும் நாடாவை எறிந்தார்.